மார்கழியில் ஏறிய மார்க்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடமாக யோசித்துவிட்டேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தும் போட்டேன். மனசு சரியில்லை என்று மாத்திரை சாப்பிட்டதை ஊருக்குச் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரிக்குப் போய் நான் செய்த கூத்தைச் சொல்ல அதைவிட வெட்கம். பத்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பில் வீடு, பெயிண்ட் கடையில் வேலை. ஒரு சமயம் எதிலும் மனசு ஒட்டாமல் போய்விட்டது. குளிக்கப் போவதற்கே அரை மணி நேரம் யோசிப்பேன். (கடைக்கு வந்தவர் வெள்ளை பெயிண்ட் கேட்டால், எந்த வெள்ளை என்று திருப்பிக் கேட்கக்கூடச் சலிப்பு.) என் மனைவி கஸ்தூரிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவைப் பார்க்குமுன் ஒரு தாள் தருவார்கள். ஒன்பது கேள்வி. போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று. இல்லவே இல்லை என்றால் சைபர், தினமும் என்றால் மூன்று. கூட்டி வருகிற மார்க்கு குறையக் குறைய நல்லது. முதலில் பதினெட்டு வாங்கினேன். அப்புறம் பதினாலு, ஒன்பது. குறைந்த மார்க்குக்கு நான் பாராட்டு வாங்கிய ஒரே இடம் அதுதான். அடுத்த முறையும் குறைந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம். கடை ஸ்டூலிலிருந்து இரண்டு தடவை சரிந்திருக்கிறேன். அது குறைந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அந்த அடுத்த முறை மார்கழியில் வந்தது.

பெருமாள் சன்னதிக்குத் தினமும் போகிறவன் தாளில் பொய் எழுதலாமா? உண்மையாகவே எழுதினேன். தூக்கம் கெட்டதா? பஜனைக்காக நாலு மணிக்கே எழுந்துவிடுகிறேனே, மூன்று. சாப்பாடு குறைந்ததா? ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம், மூன்று. பிடித்த காரியங்களில் நாட்டம் இல்லையா? மார்கழி பிறந்ததிலிருந்து மீனும் இல்லை, டிவியும் இல்லை, மூன்று. ஒன்றுக்கும் உதவாதவன் என்று தோன்றுகிறதா? தினமும் சன்னதியில் விழுந்து கிடந்து அதைத்தானே சொல்கிறேன், மூன்று. செத்துப்போனால் தேவலை என்று நினைத்தீர்களா? 'போதும் பெருமாளே, என்னைக் கூப்பிட்டுக்கோ' என்று முடிக்காமல் நான் கோயிலை விட்டு வருவதில்லை. அதற்கும் மூன்று.

மொத்தம் இருபத்து மூன்று. உண்மை எழுதிய திருப்தியோடு நீட்டினேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வெளியே இருந்த கஸ்தூரியை வரவழைத்து, இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புவதற்கில்லை, வார்டில் சேர்க்க வேண்டும் என்றார். கஸ்தூரி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தாளை வாங்கிப் படித்தாள். பாதியில் அழுகை நின்றுவிட்டது.

"டாக்டரம்மா, இது மார்கழி மாசம்மா. இவரு நாலு மணிக்கு எழுந்து தெருவையே எழுப்பிட்டிருக்காரு. சாப்பாடு கொறஞ்சிடுச்சாம். ஒரு வேளைன்னுட்டு நேத்து மூணு ஆளு பொங்கல ஒக்காந்து தின்னாரும்மா."

நர்ஸ் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பக் கேட்டு, விரதத்தைக் கழித்து, மார்க்கைத் திருத்திக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்துவிட்டார். "ஐயா, சாமிகிட்ட சொல்றத விடுங்க. மத்த நேரத்துல, சும்மா கடையில ஒக்காந்திருக்கறப்ப, அந்த நெனப்பு வருதா?"

சைபர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மாத்திரை குறையும், வீட்டுக்கும் போகலாம். கஸ்தூரி பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"சில நாள் வருதுங்க."

இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் நாலு பேர் எதிரே கஸ்தூரி என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். டாக்டரம்மா மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். வெகுநேரம் எங்கள் இருவரிடமும் பேசினார். மாத்திரை டப்பா கஸ்தூரி கையில் இருக்கவேண்டும், அடுத்த வாரமே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாத்திரை குறையவில்லை. அந்த ஒன்று சைபராக அடுத்த மார்கழி வரை ஆனது.

இன்றைக்கும் வேலை விட்டு வந்து 'அப்பா, பெருமாளே' என்று உட்கார்ந்தால் உள்ளேயிருந்து கஸ்தூரி குரல் வரும்: "இது சாமிக்கா, டாக்டரம்மாவுக்கா?" மருமகன்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டார். கேட்டால் பதில் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், சிரிக்கட்டும். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இருபத்து மூன்றை மட்டும் சொல்லிவிட்டு அந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.