மூன்றாவது பேருக்கு இடமில்லாத படிவம்

மூன்று பிள்ளைகளில் யார் மேல் பிரியம் அதிகம் என்று கேட்டால், எல்லாத் தகப்பன்மாரையும் போல நானும் "மூன்றும் ஒன்றுதான்" என்பேன். வாயால் சொல்வது சுலபம். என்னை ஒருமுறை எழுத்தில் கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர் காப்புறுதி முகவர். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் தேநீர் குடித்தபடி, "இந்தப் படிவத்தில ரெண்டு பிள்ளையளுக்குத்தான் இடம் அண்ணன். மூண்டாவதுக்கு வேற படிவம் நிரப்போணும்" என்றார்.

எனக்கு இன்னொரு படிவம் நிரப்பச் சோம்பல். (அதைத்தான் அன்று 'யோசித்து முடிவெடுப்பது' என்று நினைத்திருந்தேன்.) பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டே, கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பவன் போல விரலை நீட்டினேன்.

"கஜன் ஏறாத மரமில்ல, அவன் கட்டாயம். சின்னவளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும், அவளும் கட்டாயம். மூத்தவளுக்கு ஒண்டும் நடக்காது. ஒரு தும்மல் தடிமன்கூட வராத புள்ள."

"பெரிய சாத்திரிதான், சாதகம் பாத்துச் சொல்லுறார்!" என்றாள் மனைவி, குசினிக்குள் சமைத்தபடி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படிவத்தை நிரப்பியது அந்த மூத்தவள் வினோதான். பன்னிரண்டு வயது, முத்து முத்தான எழுத்து. (என் எழுத்து கோழி கிளறிய மண்.) தம்பி பேரையும் தங்கச்சி பேரையும் எழுதிவிட்டு, பேனையை மூடாமல் கேட்டாள்.

"அப்பா, என்ட பேர்?"

"உனக்கு என்னத்துக்குகா புள்ள? நீ விழுற ஆளா?"

பேனையை மூடினாள்.

மறுநாள் படிவத்தைக் கொடுக்க மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிக்குடியிலுள்ள காப்புறுதி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பிழை இருந்தால் திருத்த எழுத்துக்காரி வேண்டுமே என்று வினோவையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். பாலம் தாண்டியதும் ஒரு மாடு. (அது குறுக்கே பாய்ந்ததாக நெடுநாள் சொல்லித் திரிந்தேன். பொய். பாவம், அது வீதியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான்தான் பின்பக்கம் திரும்பி, அவளுக்குக் காப்புறுதியின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன்.)

விழுந்தும் எனக்கு ஒரு கீறல் இல்லை. மாட்டுக்கும் இல்லை. படிவம்கூடக் கசங்கவில்லை. வினோவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி, "பிள்ளைட பிறந்த திகதி?" என்று கேட்டார். படபடவென்று சொன்னேன். உடைந்த கையை மற்றக் கையால் தாங்கி, அழாமல் நின்றவள் மெல்லச் சொன்னாள்.

"அது தம்பிட, அப்பா."

தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தக் கம்பனியிலும் காப்புறுதி கிடையாது.

அங்கிருந்தே முகவருக்குப் போன் எடுத்தேன். "தம்பி, மூத்தவளையும் சேர்க்க ஏலுமா?"

"ஏலும் அண்ணன். ஆனா இந்தக் கைக்கு வராது. இனி உடையிறதுக்குத்தான்."

அந்த இரண்டாவது படிவத்தை நானே நிரப்பினேன். வினோ கட்டுப்போட்ட கையோடு பக்கத்திலிருந்து, தன் பிறந்த திகதியை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எழுத்து வளையுது, அப்பா" என்றாள். எழுத்தைத் திருத்தினேன். மன்னிப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

கை பொருந்திவிட்டது. அந்த முத்தெழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. 'ழ' எழுதும்போது கை இழுக்கிறதாம்.

இப்போது அவள் கண்டியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அழைப்பு வந்தால் கஜன் வீடு அதிரக் கத்துவான். "அப்போய், படிவத்தில இல்லாத புள்ள கதைக்குது!" மனைவி சிரிப்பாள், சின்னவள் சிரிப்பாள், போனுக்குள் வினோ எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தி.