ராய் ஓல்ட்ராய்ட் பேசி வாங்கிய நல்லெண்ணம்

இங்கிலாந்தின் டியூஸ்பரி ஊர் மார்க்கெட்டில் தரைக் கம்பளம் விற்கும் ராய் ஓல்ட்ராய்ட் தம் வாழ்நாளில் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. கல்யாண மோதிரம் வாங்கப் போன இடத்தில் ஒரு மணி நேரம் பேரம் பேசி, நகைப்பெட்டியை இலவசமாக வாங்கிக்கொண்டு, வெற்றிக் களிப்பில் மோதிரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர். இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிற்று. முப்பது வருஷம் கம்பளச் சுருளைத் தோளில் சுமந்தால் இரும்பு முழங்காலும் தேயும். கடையை மூடிவிட்டு, ஃபைலி கடற்கரையில் ஒரு கேரவன் வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று அவரும் மனைவி பெவர்லியும் முடிவு செய்தார்கள். அந்த இடத்துக்கு வருஷ வாடகை உண்டு. இருவருடைய வரியில்லாச் சேமிப்பின் வட்டியும் சேர்ந்தால் வாடகைக்குச் சரியாக இருக்கும். அதில் வரி என்று ஒரு கை நுழைந்தால் இடிக்கும்.

வரியில்லாச் சேமிப்பு என்பது அரசாங்கம் பிடிக்கும் குடை. குடைக்குள் வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று கணக்கு. வங்கி மாற்றினால் பணம் ஒரு குடையிலிருந்து இன்னொரு குடைக்கு நேரே தாவ வேண்டும். நடுவில் உரியவர் கையில் பட்டால் தீட்டு. அது வரி விழும் வெறும் பணமாகிவிடும். இவ்வளவு ஆபத்து இருந்தும், வசந்தம் வந்தால் மரம் துளிர்க்கிறதோ இல்லையோ, ஜனங்கள் வங்கி மாற்றுவார்கள். கால் சதவீதம் வட்டி கூடுதல் என்று பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிய பிறகு நாம் சும்மா இருந்தால் தெருவில் என்ன மரியாதை?

ஆகவே ராயும் பெவர்லியும் ஹெப்பிள்வைட் சேமிப்புச் சங்கத்திலிருந்து ஒரே நாளில் மாறினார்கள். புது வங்கிக்கு ஒரு பழத்தின் பெயர், கட்டடம் கிடையாது. ஹெப்பிள்வைட்டோ இருவர் பணத்தையும் குடைக்கு அனுப்பாமல், அவரவர் அன்றாடச் செலவுக் கணக்கில் கொண்டுபோய்க் கொட்டி, ‘இதுநாள்வரை தாங்கள் நல்கிய மேலான ஆதரவுக்கு நன்றி’ என்று எழுதியும் அனுப்பியது.

ராய் போனை எடுத்துக் கத்தினார். எதிர்முனையில் வாடிக்கையாளர் மனநிறைவுப் பிரிவின் லொரெய்ன். அவர் முதலில் ராயை ராய் என்று கூப்பிட அனுமதி கேட்டார். பிறகு ராயின் மனவேதனை தமக்கு நன்றாகப் புரிவதாகச் சொன்னார். இரண்டு விதமாக ஆவன செய்ய இயலும் என்றார்.

“பிழை எங்களோடதுன்னு ஒரு கடிதம் தரலாம், ராய். அதைக் காட்டினா புது வங்கி பணத்தைப் பழையபடி எடுத்துக்குவாங்க. இல்லேன்னா நல்லெண்ணத் தொகையா இருபத்தஞ்சு பவுண்டு. எது வேணும்?”

“ரெண்டும்.”

ரெண்டும் முடியாது என்று லொரெய்ன் பொறுமையாக விளக்கினார். கடிதம் பிழைப் பிரிவின் பொறுப்பு; அங்கே பணம் கிடையாது. நல்லெண்ணம் பிழையே நிகழாத இடத்தில் மட்டும் வழங்கப்படுவது.

ராய் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விற்கிறவர் ‘முடியாது’ என்று சொன்னால்தான் பேரம் தொடங்கியிருக்கிறது என்பது அவர் அனுபவம். கடிதத்தைத்தான் முதலிலேயே தருவதாகச் சொல்லிவிட்டார்களே, அது எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் இருபத்தைந்தை ஏற்றுவோம்.

“கடிதத்தை வாங்கிக்கயேன், ராய்” என்றாள் பெவர்லி, பன்றிக்கறி சாண்ட்விச்சை அவர் முன்னால் வைத்து. “நான் கூட…”

“உனக்கு வியாபாரம் தெரியாது, கண்ணு. போய் டீ போடு.”

பேரம் பல நாள் நடந்தது. மார்க்கெட்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஒரு கட்டத்தில் ராய், வாங்காமல் போகிற வாடிக்கையாளர் மாதிரி, போனைக் கம்பளத்தின்மேல் வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தார். பின்னாலிருந்து லொரெய்ன் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். திரும்பி வந்து எடுத்தால், காத்திருப்பவர்களுக்கான பியானோ இசை போனில் ஓடிக்கொண்டிருந்தது. லொரெய்னும் நாலு எட்டு நடந்திருந்தார். நல்ல கை என்று ராய்க்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில் முந்நூறு பவுண்டும், பாலாடைக்கட்டி, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட போர்க் பை அடங்கிய ஒரு பிரம்புக் கூடையும்.

“இதுக்கு மேல மேனேஜர் ஒத்துக்க மாட்டார், ராய்.”

இல்லாத ஒரு முதலாளியைக் காட்டி இதே வசனத்தைத் தினமும் பேசுகிறவர் ராய். தொழில் தெரிந்தவரோடு பேசிய திருப்தியில், ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்றிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

புது வங்கி, பழைய சங்கத்தின் பிழைக் கடிதம் எங்கே என்று கேட்டது. ராய் லொரெய்னைக் கூப்பிட்டார்.

“பிழையா? எந்தப் பிழை, ராய்?”

“என் பணத்தை என் கையில கொடுத்தீங்களே, அது.”

“அப்படி எதுவும் நடக்கலேன்னுதானே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க? நடக்காததுக்குப் போய் நாங்க எப்படிங்க கடிதம் தர்றது?”

“அப்போ முந்நூறு பவுண்டு எதுக்குக் கொடுத்தீங்க?”

“ஒண்ணும் நடக்காததுக்கு. சங்கத்துல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு வாங்கினதில்லை, ராய். எங்க மேனேஜரே பாராட்டினார்.”

மேல்முறையீடு என்று ராய் இழுத்தார். அந்த உரிமையைத்தான் போர்க் பைக்காக விட்டுக்கொடுத்திருந்தார். முழுப் பணத்தையும் மறுபடி குடைக்குள் கொண்டுபோக, வருஷத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில், இன்னும் நாலு வசந்தம் ஆகும். அதுவரை கம்பளச் சுருள், அதுவரை முழங்கால்.

வீட்டுக்குப் போனபோது பெவர்லி துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உன் பணமும் போச்சா?” என்றார், சற்று ஆறுதலாக.

“இல்லையே. முதல் போன்லயே கடிதம் தாங்கன்னேன், தந்துட்டாங்க.”

“எவ்வளவுக்கு?”

“சும்மாதான் தந்தாங்க, ராய். அதைத்தான் உங்கிட்ட சொல்ல வந்தேன். நீ டீ போடச் சொன்ன.” பெட்டியை மூடினாள். “என் வட்டியில அரை வருஷத்து வாடகை வரும். நான் ஃபைலிக்குப் போறேன். நீ சனிக்கிழமை வா.”

“சனிக்கிழமை சந்தை நாளாச்சே.”

“ஆமால்ல” என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டில் எல்லோரும் கேட்டார்கள். ராய் முந்நூறு பவுண்டையும் பிரம்புக் கூடையையும் பற்றிச் சொன்னார். பாக்கியைச் சொல்ல வாய் வரவில்லை. மீன் கடைக்காரர் அவரை முதுகில் தட்டினார். “பெவர்லிக்கு என்னப்பா கிடைச்சுது?” என்று கேட்டார். ஒரு துண்டுக் காகிதம் என்றார் ராய். பாவம், அவளுக்கு வாய்ச்சாமர்த்தியம் போதாது என்று எல்லோரும் வருந்தினார்கள்.

அடுத்த வாரம் மார்க்கெட் முழுக்க ஹெப்பிள்வைட் வாசலில் நின்றது. வேறெங்கோ பத்திரமாக இருந்த சேமிப்பையெல்லாம் இங்கே மாற்றி, இங்கிருந்து உடனே வெளியே மாற்றும்படி கேட்டு நின்றது. வரிசையின் கடைசியில் ராயும் இருந்தார், எஞ்சிய ஒரு சின்னக் கணக்கோடு. வாசலில் புதிதாக ஓர் அறிவிப்பு தொங்கியது.

‘பொதுமக்களின் பேராதரவு காரணமாக, பிழைகளுக்குத் தற்போது காத்திருப்போர் பட்டியல் நடைமுறையில் உள்ளது.’

ராய் அதை இரண்டு முறை படித்துவிட்டு, முன்னால் நின்ற மீன் கடைக்காரரிடம், அவர் இடத்தைத் தமக்கு விட்டுத்தர என்ன கேட்பார் என்று பேச்சைத் தொடங்கினார்.