எட்டிலை செவ்வாய்

விளையாடித் தோற்றவர்கள் உலகத்தில் ஏராளம். இன்னும் வெளிவராத ஒரு விளையாட்டில், அதுவும் கண்ணால் கண்டேயிராத கொம்பியூட்டரில், படுதோல்வி கண்டவன் நான் ஒருவன்தான். (இரண்டாவது ஆள் அகப்பட்டால் அறிமுகப்படுத்துங்கள், கட்டிப்பிடித்து அழவேண்டும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. வட்டுக்கோட்டைப் பக்கம் விஞ்ஞான வாத்தியார். மானிப்பாயில் பெண் பேசி, குறிப்புப் பொருந்தி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைப்பதுதான் மிச்சம். பெண்ணின் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதிலேயே விழுந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, என் கூட்டாளி சிவநேசனுக்கு லண்டனில் இருந்த அவன் தமையன் ஒரு கடிதம் போட்டார். விண்வெளி விளையாட்டு ஒன்று வரப்போகிறதாம். இதைத்தான் செய் என்ற கட்டளை கிடையாதாம். சொந்தக் கப்பலில் நினைத்த கிரகத்துக்குப் போகலாம், வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், விரும்பிய ஆளாக இருக்கலாம். அடுத்த முறை வரும்போது கொம்பியூட்டரோடு கொண்டு வருவாராம்.

அவர் எழுதியது அரைப் பக்கம். நாங்கள் எதிர்பார்த்தது எண்பது பக்கக் கொப்பி நிறைய. வியாழனுக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றப்போவதாகச் சிவநேசன் எழுதினான். நான் கப்பல் தலைவன். எந்தக் கிரகம் எத்தனையாவது பயணம் என்று வரிசையாக இலக்கம் போட்டு, கொப்பிக்குப் ‘பயணக் குறிப்பு’ என்று பெயரும் வைத்தோம். வீட்டில் ஏசுவார்கள் என்று கொப்பியை ஒளித்தே வைத்திருந்தேன். வாய்ப் பேச்சில் அது வெறும் ‘குறிப்பு’ ஆனது. ஊரில் சாதகத்துக்கும் அதுதான் பெயர் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குள் தர்க்கம்.

“மச்சான், செவ்வாயை முதலே முடிப்பம்,” என்றான் சிவநேசன்.

“விசரே உனக்கு? எனக்குச் செவ்வாய் எட்டிலைதான். பொல்லாத இடம். கூட வாற ஆள் தப்பாது!”

“குறிப்பிலை வேறையாயெல்லோ கிடக்கு?”

“அழிறப்பராலை அழிச்சு மாத்தி எழுதிப்போட்டன். வீட்டுக்காரருக்குத் தெரியாது, நீ வாய் திறவாதை.”

பின் சீற்றில் ஒருவர் செருமினார். பெண்ணின் சித்தப்பா. அவரிடம் என் படம் இருந்தது. என்னிடம் அவர் படம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. (எங்கள் பக்கத்தில் போர்ப் பிரகடனம் அப்படித்தான்.)

“எட்டிலை செவ்வாய் இருக்கிறதை மறைச்சு, குறிப்பை அழிச்சு எழுதித் தந்திருக்கிறியள். என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தியளோ?”

என்னைப் பெற்ற ஐயா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினேன்.

“மாமா, இது விளையாட்டு.”

“கலியாணம் உமக்கு விளையாட்டோ?”

“இல்லை மாமா, கொம்பியூட்டர் விளையாட்டு.”

“கொம்பியூட்டர் எங்கை?”

“இன்னும் வரேல்லை.”

“விளையாட்டு?”

“அது… இன்னும் செய்து முடியேல்லையாம்.”

பெண் கைவிட்டுப் போகிறது என்றே முடிவு கட்டினேன். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நான் வரைந்த விண்கப்பல் அச்சொட்டாக எங்கள் ஊரில் சனம் ஏற்றி ஓடும் பழைய தட்டிவான் போலவே இருந்தது. அதன் கீழே, பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் சிவப்பு மையில் ஒரு கட்டளை: ‘செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. வேட்டி கட்டக்கூடாது.’

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். மாமா கொப்பியை மூடினார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“குறிப்பிலை ஒரு பிழையும் இல்லை,” என்றார் என் ஐயாவிடம், மிகவும் ஆறுதலாக. “உவர் உப்பிடியெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே.”

பொன்னுருக்கு நடந்தது, கலியாணமும் நடந்தது. விளையாட்டு மட்டும் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு வெளிநாட்டில் ஒருவர் வீட்டில் அதைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். வேட்டியோடேயே போயிருக்கலாம்.

இன்றைக்கும் கலியாண வீடுகளில் யாராவது, “உங்களுக்கு எத்தினை பொருத்தம்?” என்று கேட்டால், மனைவி என்னைப் பதில் சொல்ல விடுவதில்லை.

“என்ரை ஐயா பொருத்தம் பாக்கேல்லை,” என்பாள். “பாவம் பாத்தவர்.”