ரொட்டிப் பூசணத்தில் நடக்கும் மோசடி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீங்கள் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போக வேண்டும்.

நீங்கள் பிடித்துக்கொடுத்த ரொட்டித் தொழிற்சாலை வேலையில் குறையில்லை. சோதனை அறையில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுகிறேன். ரொட்டி எத்தனை நாளில் கெடுகிறது என்று பார்ப்பதற்கு அங்கே ஓர் அக்கா இருக்கிறார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரிக்கிறார். கெட்டுப்போன ரொட்டியைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா மாமா? நேற்று என்னையும் கூப்பிட்டு, "பூசணம்தான், கடிக்காது, வந்து பாரு" என்றார். பார்த்தேன். கண்ணாடியில் நூற்ற நூல் போல ஒரு காடே நிற்கிறது, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு கறுப்பு முத்து, நடுநடுவே நீர்த்துளி வேறு மினுங்குகிறது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் வீசுவாரே, அதுவா இது? எட்டாவதோடு நின்ற பெண்தானே, எதைக் காட்டினாலும் நம்பும் என்று உள்ளே ஏதோ படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்கத்தான் எனக்கு வராதே, அதனால் இன்று அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து லென்ஸைத் திருகிக் கழற்றித் துடைக்கிற துணியில் சுருட்டிக்கொண்டேன். படம் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக ஒட்டியிருக்கிறார்கள்.

அக்கா குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக்கூடத் தேடினார். மேலாளர் வந்து, "நாளைக்குக் காலையில அது இங்க இல்லைன்னா, நீயும் இருக்க வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைக் கேட்டபோது, வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். பாவம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஆதாரமாக லென்ஸை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னதுகளுக்கு முத்தமும் சொல்லும்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறை பிரித்து ஒட்டியது போலிருந்தால் தபால்காரரைச் சந்தேகப்படாதீர்கள், நான்தான். ஆதாரம் உள்ளே இல்லை. காலையில் அக்கா வருவதற்கு முன்பே போய் அதைப் பழைய இடத்தில் திருகிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். வெறுமையாக இருந்த ஓரத்தில் புதிதாக நூல்கள் முளைத்திருந்தன, நுனியில் முத்து இன்னும் கறுக்காமல் வெள்ளையாக. படம் வளருமா மாமா? அக்கா பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. "புதுசா எத்தனை?" என்று மட்டும் கேட்டார். "ஏழுக்கா" என்றேன், சத்தமாகவே. லென்ஸ் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்றைக்குத்தான் அந்த ஏழும் கறுக்கும் என்கிறார். நான் நம்பவில்லை. இருந்து பார்த்துவிடுகிறேன்.