மூக்காயி வாங்கிய வலிச் சான்றிதழ்

ஒரு காட்டில் மூக்காயி என்று ஒரு பெண்யானை இருந்தாள். யானையை 'இருந்தது' என்றுதானே சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். அவள் பட்ட பாட்டுக்கு இந்த மரியாதையாவது கொடுத்துவிட்டுப் போவோம்.

அவளுக்குப் பின்னங்கால் மூட்டில் வலி. படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று மூன்று மாதமாக நின்றுகொண்டே தூங்கினாள். நொச்சி, வேப்பம்பட்டை, ஆற்றுச் சேறு எல்லாம் பார்த்தாயிற்று. கோடை வேறு வந்து ஓடை வற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூட்டம் மலைதாண்டி, தண்ணீருள்ள காட்டுக்குப் புறப்பட வேண்டும். ஆறு நாள் நடை. நடக்க முடியாதவள் வற்றின ஓடையோடு இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

மூட்டுவலிக்குக் கஞ்சா இலை கேட்கும் என்பது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடைக்கரையில் அது புதர் புதராக வளர்ந்தும் கிடந்தது. குரங்குகள் காலையிலிருந்தே அதைத் தின்றுவிட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தங்களை வௌவால் என்று நம்பிக்கொண்டிருந்தன. மூக்காயி மட்டும் தொடமாட்டாள். யானை தப்புச் செய்தால் பழக்கின கும்கி யானைகளை அனுப்பிச் சங்கிலி போட்டு இழுத்துப்போய்விடுவார்கள். குரங்குக்கு ஏது கும்கி? நல்லகாலம், சிங்கத்தின் தர்பார் அந்த வருஷம்தான் ஒரு சட்டம் போட்டிருந்தது. வலி இருக்கிறவர்கள் வைத்தியரிடம் சான்றிதழ் வாங்கினால் கஞ்சாவை மருந்தாகச் சாப்பிடலாம்.

சான்றிதழ் தரும் அலுவலகம் குன்றின் உச்சியில் இருந்தது. மூட்டுவலிக்காரர்கள் வந்துபோகும் இடத்தை உச்சியில் கட்டச் சொன்ன புண்ணியவான் யாரோ, அவன் முழங்கால் நல்லாயிருக்கட்டும். வியாழக்கிழமை காலை மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். மேசையில் உடும்பு குமாஸ்தா. ஒரு தாளைப் பிடித்தால் லேசில் விடாதவர்.

"படிவம் மூணும்மா. ஒண்ணு வலிக்கு. ஒண்ணு, அந்த வலி உங்களோடதுதான்னு. மூணாவது, மொத ரெண்டையும் குடுத்துட்டீங்கன்னு."

"கீழ குரங்குங்க சும்மாவே திங்குதுங்களே, தம்பி?"

"அது சட்டவிரோதம்மா. அதுக்குப் படிவம் கிடையாது."

கையெழுத்துக்குப் பதிலாகக் காலில் மை தடவி வைக்கச் சொன்னார். வைத்தாள். மூன்று படிவமும், மை டப்பாவும், குமாஸ்தாவின் மதியச் சாப்பாடும் அடியில் போய்விட்டன. மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள்.

வைத்தியர் ஓர் ஆந்தை. ராத்திரியில் அவரைப்போல் கைராசிக்காரர் கிடையாது. ஆனால் அலுவலக நேரம் காலை பத்திலிருந்து ஒன்று வரை. வெயிலில் அவருக்குக் கண் தெரியாது. ஆகவே நோயாளியைக் காதால்தான் பார்ப்பார். எவ்வளவு அலறலோ அவ்வளவு வலி. மூக்காயிக்கு முன்னால் உள்ளே போன நரி, சீக்கு சிணுக்கு ஒன்றுமில்லாத தடியன், வாசலிலேயே ஓர் ஊளை விட்டான். உட்காரச் சொல்வதற்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது.

மூக்காயி போனாள். யானைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வலியை வெளியே காட்டமாட்டார்கள். நொண்டினால் புலி குறித்துவைத்துக்கொள்ளும் என்று குட்டியிலேயே சொல்லி வளர்ப்பார்கள். பிரசவத்துக்கே வாய் திறக்காத வம்சம். அவள் நாலு காலையும் ஊன்றி, பெரியவர் முன்னால் நிற்கிற பணிவோடு நின்றாள்.

"வலி இருக்கா?"

"இருக்குதுங்க."

"எவ்வளவு?"

"ஏதோ இருக்குதுங்க சாமி."

ஆந்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. 'நோயாளி நலம், குரல் தெளிவு' என்று எழுதி அனுப்பிவிட்டது.

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடிந்தால் வெள்ளி. அங்கே உட்கார்ந்து சான்றிதழால் விசிறிக்கொண்டிருந்த நரிக்கே மனசு இளகிவிட்டது. அதோடு, குன்றிலிருந்து இறங்க அவனுக்கு ஒரு முதுகும் வேண்டியிருந்தது.

"யக்கா, உனக்கு நோவு இருக்கு, சத்தம் இல்ல. எனக்குச் சத்தம் இருக்கு, நோவு இல்ல. அந்தாளுக்கு வேண்டியது சத்தம். எங்க, ஒரு தடவ கத்து."

மூக்காயி முயன்றாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"இது மூச்சு. வலிக்கிறத நெனச்சுக் கத்துக்கா."

"வலிக்கிறப்ப கத்தாம இருக்கறது எப்படின்னுதான் தம்பி நான் நெனப்பேன்."

நரி தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி வரிசையில் நின்று, இருவருமாக உள்ளே போனார்கள். ஆந்தை "வலி இருக்கா?" என்று கேட்டதும், நரி நான்கடி பின்னால் போய், ஓடிவந்து, அவள் மூட்டின் மேலேயே குதித்தான். மூன்று மாத வலியும் ஒரே பிளிறலாகக் கிளம்பியது. ஆந்தை நாற்காலியோடு சாய்ந்தது. சாய்ந்தபடியே 'மிகமிகக் கடுமை' என்று எழுதியது. மூக்காயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கத்தினது சுகமாகத்தான் இருந்தது.

குமாஸ்தா முத்திரை குத்தினார். சான்றிதழைக் காட்டினால் தினம் ஓர் இலை. "ஒரு எலையா? என் கால் நகத்துக்கே பத்தாதே" என்றாள். "எலிக்குச் சோதிச்சப்ப சரியா இருந்துச்சும்மா" என்றார் அவர். போகட்டும், சட்டப்படி கிடைத்த இலை. அதைப் பல்லிடுக்கில் அடக்கிக்கொண்டு, முதுகில் நரியோடு, சாயங்காலம் ஓடைக்கு வந்து சேர்ந்தாள்.

கூட்டத்துக்குத் தலைவி அவள் தங்கை ஒச்சாயி. மூக்காயி பெருமையோடு சான்றிதழை நீட்டினாள். ஒச்சாயி படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"'மேற்படி யானை நடக்கத் தகுதியற்றது. இதை நெடுந்தூரம் நடத்திச் செல்வோர் தண்டிக்கப்படுவர்'னு போட்டிருக்குக்கா."

"நடக்கறதுக்குத்தானேடி மருந்து கேட்டேன். இப்பக்கூட மலையேறி எறங்கி நடந்துதானே வாரேன்?"

"நீ நடந்து வந்தது என் கண்ணுக்குத் தெரியுது. தாள்ல அப்படி இல்லையே. கும்கி வந்தா மொத்தக் கூட்டத்துக்கும் சங்கிலிக்கா. ஏழு குட்டி இருக்கு." ஒச்சாயி தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "இத மட்டும் நீ வாங்காம இருந்திருக்கலாம்."

மூக்காயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தாள் இருந்தால் மருந்து உண்டு, கூட்டம் கிடையாது. தாள் இல்லாவிட்டால் கூட்டம் உண்டு, மருந்து கிடையாது. நரி முதுகிலிருந்து எட்டிப் பார்த்து, "மேல்முறையீடு போடலாம்க்கா, அதுக்கும் நாலு படிவந்தான்" என்றான். அவனைத் தும்பிக்கையால் தூக்கிக் கீழே வைத்தாள். பிறகு தங்கை கையிலிருந்த சான்றிதழை வாங்கி, சுருட்டி, வாயில் போட்டு மென்றாள். தாள் வைக்கோல் மாதிரிதான் இருந்தது. முத்திரைதான் கொஞ்சம் கசந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஒச்சாயி கூட்டத்தை எண்ணிக்கொண்டே வந்து அக்காவிடம் நின்றாள்.

"காயிதம் ஏதும் வச்சிருக்கியா?"

"எந்தக் காயிதம்?"

"வலி?"

"எந்த வலி?" என்று சொல்லிவிட்டு மூக்காயி முதல் அடியை எடுத்துவைத்தாள். ஆறு நாளும் நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அவள் கிளம்பினபோது ஓடைக்கரையில் குரங்குகள் தலைகீழாகக் கையசைத்தன.

நீதி: மருந்து வேண்டுமானால் வலியைக் காட்டு, கூட்டத்தோடு வாழ வேண்டுமானால் வலியை மறை, இரண்டும் வேண்டுமானால் குரங்காகப் பிற.