கோழிக் கூடைக்குள் ஒரு முனகல்

டிரான்சிஸ்டரில் பேட்டரி தீர்ந்துபோனதுதான் வினை. பாட்டு பாதியில் நின்றது. மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த கோழிக் கூடைக்குள்ளிருந்து 'ங்கூ...ம்' என்று ஒரு முனகல் தெளிவாகக் கேட்டது.

சாணி அள்ள வந்த பாஞ்சாலி நின்றாள்.

"இன்னா சத்தம் அது?"

"நான்தான்," என்றான் அவள் புருஷன் வேதாசலம்.

"நீயா?"

சொல்லியாகிவிட்டது, இனி நிரூபிக்க வேண்டும். வேதாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதே சுருதியில் ஒருமுறை முனகிக் காட்டினான்.

"வயித்து நோவு."

பாஞ்சாலி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப கருவாட்டுக் கொழம்பு உனுக்கு இல்ல. கஞ்சிதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழம்பு போனாலும் கூடைக்குள் இருந்த நாய்க்குட்டி பிழைத்தது.

இதற்கு முன் வேதாசலம் ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாத்து கொண்டுவந்தான். பிறகு ஒரு கிளி. பிறகு காவாந்தண்டலத்திலிருந்து, கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆட்டுக்கடா. எல்லாவற்றையும் அவன் கொஞ்சியது ஒரு வாரம்தான். தீனி வைத்ததும் கூட்டிப் பெருக்கியதும் பாஞ்சாலி. கடைசியில் அவன் நாய் என்று வாயெடுத்தபோது அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"ஆசப்பட்றது நீ, அள்ளிக் கொட்றது நானா? நாயி உள்ள வந்தா நான் மானாம்பதிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

அதற்கப்புறம்தான் அவன் உத்திரமேரூர் கடைத்தெருவில் காதர் கடைக்குப் பிண்ணாக்கு வாங்கப் போனான். கிடங்கில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு தெரு நாய் குட்டி போட்டிருந்தது. வேதாசலத்தின் கண் வெள்ளைக் குட்டியின் மேல் போனது. காதரோ செவலைக் குட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"மத்ததுக்கெல்லாம் ஆள் கீதுண்ணா. இதான் உனுக்கு."

அது அவன் கட்டை விரலைக் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டது. பிறகு அதைக் கீழே விட யாருக்கு மனசு வரும்?

வயிற்று நோவு என்று சொன்னதில் ஒரு வசதி, பால் கேட்க முடிந்தது. பாஞ்சாலி பெரிய டம்ளராகவே கொண்டுவந்து வைத்தாள். "காத்தாட குடிச்சாத்தான் செரிக்கும்," என்று அவன் அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போய், துணித்திரியை நனைத்து நனைத்துக் குட்டிக்கு ஊட்டினான். குடித்த பால் சீக்கிரமே வேறு வழியாக வந்தது. அவள் பார்ப்பதற்குள் இடத்தைக் கழுவ வேண்டும். குளிக்க வெந்நீர்கூடத் தானே விளாவிக்கொள்ளாதவன், விடிந்ததும் துடைப்பத்தோடு நின்றான். கூடை இருந்த மூலையை மட்டும் கூட்டினால் சந்தேகம் வருமே என்று மாட்டுப் பக்கத்தையும் கூட்டினான். கூட்டிய கையோடு சாணியையும் அள்ளினான்.

பக்கத்து வீட்டுச் செங்கேணி வேலிக்கு மேலாக இதைப் பார்த்துவிட்டாள்.

"பாஞ்சாலி, உன் வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு? தொடப்பமும் கையுமா நின்னுக்கினு கீறாரு."

"வயித்து நோவாம்."

"வயித்து நோவுக்குத் தொடப்பமா?"

செங்கேணி உள்ளேயே வந்துவிட்டாள். வேதாசலம் அவசரமாகக் குட்டியை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கையக் காட்டு மாமா." கட்டை விரலில் சின்னச் சின்னதாகப் பல் தடம். "இது நாய்ப் பல்லு. மூலைல பூந்துக்குறாரு, முனகுறாரு. நாய் கட்ச்சவன் நாயாட்டமேதான் கத்துவான். எங்க ஊர்ல ஒருத்தன் வயித்துல குட்டியே வளந்துது."

"எலி கட்ச்சிது," என்றான் வேதாசலம்.

"தண்ணியக் காட்டுனா தெரிஞ்சிடும். வெறி நாயா இருந்தா தண்ணியக் கண்டு பயப்படுவாரு."

பாஞ்சாலி சொம்பு தளும்பத் தளும்பத் தண்ணீரோடு வந்தாள். அது சிந்தினால் மடியில் தூங்கும் குட்டி நனையும். வேதாசலம் மடியைப் பிடித்துக்கொண்டு, அலறிப் பின்னால் தாவினான்.

"போச்சு," என்றாள் செங்கேணி. "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. கெளம்புங்க."

குட்டியைத் தனியே விட அவனுக்கு மனமில்லை. யாரும் பார்க்காதபோது மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டான். பஸ் குலுங்கும்போதெல்லாம் பை முனகியது. பை முனகும்போதெல்லாம் அவனும் முனகினான்.

"நாய்க் கடிங்க," என்று பாஞ்சாலி பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னாள். மூன்று பேர் சீட்டு முழுவதும் அவர்களுக்கே கிடைத்தது.

"பேஜாராகீதே," என்று கண்டக்டர் எட்ட நின்று டிக்கெட்டை நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் பெருமாள் கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஊசியை எடுத்தார். கோணி தைக்கிற ஊசி மாதிரி இருந்தது.

"சட்டையத் தூக்கிக்கினு படு."

வேதாசலம் ஊசியைப் பார்த்தான். பாஞ்சாலியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஊசி இல்லை. ஆனால் குட்டியும் இல்லை.

"போடுங்க," என்று கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான்.

தொப்புளருகே பஞ்சு ஜில்லென்று பட்டது. அப்போது பெஞ்சுக்குக் கீழே இருந்த மஞ்சள் பை தானாக நகர்ந்தது. ஒரு செவலை மூக்கு வெளியே வந்து, கீழே தொங்கிய அவன் கட்டை விரலைத் தேடிப் பிடித்துக் கவ்விக்கொண்டது.

"கட்ச்ச நாயி இதுவா?" என்றார் கம்பவுண்டர்.

வேதாசலம் எழுந்து குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். "பாஞ்சாலி, இத்த தொரத்தாத. நீ தொடக்கூட வோணாம். பாலு நானே ஊட்றேன். கொட்டாய நானே கூட்றேன்."

"மாட்டுப் பக்கமும்?"

"அதுவும்."

"சாணி?"

"அள்றேன்."

"ஒரு வாரத்துக்குத்தான?"

"எப்பவும்."

"இது தல மேல கைய வெச்சு சொல்லு."

வைத்தான். பாஞ்சாலி பெருமூச்சு விட்டாள். "சரி, நாலு பேர் பாக்குறாங்க. எட்த்துக்கினு வா."

வேதாசலம் குட்டியைத் துண்டு போட்டு மூடாமல், தோளில் சாய்த்துக்கொண்டு கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்தான். ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது. காதர் கடை நெருங்கியதும் பாஞ்சாலி ஏனோ நடையை எட்டிப் போட்டாள். காதர் தராசை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னா அண்ணி, கண்டுக்காம போற? நீ வந்து பொறுக்கி வெச்சிட்டுப் போன அதே குட்டியத்தான அண்ணன் தலைல கட்டி அனுப்புனேன்?"