எண்பத்தாறு சென்டி

திருவண்ணாமலையில் மூச்சை அடக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சாமியார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் அடக்குவது முக்திக்கு. இவன் அடக்கியது போலீஸ் வேலைக்கு.

பெயர் ஏதோ இருந்தது. எங்கள் தெருவில் 'மூச்சு' என்றுதான் கூப்பிட்டோம்.

தேரடி வீதிக்குப் பின்னால் என் தையல் கடை. நான் அதிகம் பேசமாட்டேன். படிப்பு அஞ்சாவது. நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடையைத் திறந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை ஊரிலிருந்து ஓடியே வந்ததாகச் சொல்லி ஒருவன் நின்றான். சட்டையைக் கழற்றினான்.

"பாய், மார் அளவு எடுங்க."

"துணி எங்க?"

"துணி இல்ல பாய். அளவு மட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். போலீசில் சேர, மூச்சை இழுத்தால் மார்பு எண்பத்தாறு சென்டி வரவேண்டுமாம். இழுத்தான். டேப் எண்பத்துநாலில் நின்றது.

"ரெண்டு கம்மி."

"அடுத்த வெள்ளி வரேன் பாய்."

வந்தான். எல்லா வெள்ளியும் வந்தான்.

நான் 'விடு' என்று சொன்னால்தான் மூச்சை விடுவான். ஒருமுறை டேப்பைச் சுற்றிய நேரம் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறான்.

அவன் போன் வீடியோவில், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று ஒருத்தர் எப்போதும் கத்திக்கொண்டிருப்பார். இலக்கை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு என்பார். இவன் '86' என்று எழுதி வீட்டில் ஒட்டினான். சைக்கிளில் ஒட்டினான். என் தையல் மெஷினிலும் ஒட்டினான். "ப்ளவுசுக்கு எண்பத்தாறு ரூபாதானா பாய்?" என்று அன்றைக்கே பதினோரு ப்ளவுஸ் வந்தது.

"போலீஸ் ஆயி இன்னா செய்வ?" என்று ஒருநாள் கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தான். "அது தெரியல பாய். மொதல்ல எண்பத்தாறு."

ஒரு பௌர்ணமி காலையில் கிரிவலப் பாதை ஓரம் மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறான். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மா 'சாமி' என்று வாழைப்பழம் நீட்டியிருக்கிறார். வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். 'நான் இல்லை' என்று கையை ஆட்டினான். ஆசீர்வாதம் என்று நினைத்து அவர் காலில் விழுந்தார். பின்னால் வந்த பஸ் கும்பலும் விழுந்தது.

"நாப்பது பேரு பாய்."

"மூச்சு விட்டியா?"

"விடல பாய்."

எழுத்துப் பரீட்சையில் பாஸ் ஆகிவிடுவான். இரண்டு முறை உடம்பை அளக்கக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. இரண்டு முறையும் என் டேப் எண்பத்தைந்து காட்டியது. இரண்டு முறையும் அவன் போகவில்லை. "ஒரு சென்டிக்காக எல்லார் எதிர்லயும் வெளிய அனுப்புவாங்க. வாணாம் பாய்."

இந்த வருசம் மூன்றாவது கடிதம். அடுத்த வருசம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

இழுத்தான். எண்பத்தைந்து.

படியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டான்.

"போய்ட்டு வா" என்றேன்.

"கம்மியா இருக்குதே பாய்."

"இருக்கட்டும்."

"இன்னா பாய், நீங்களே கம்மின்னு சொல்லிட்டு..."

"போடா!"

நாலு வருசத்தில் அவனை நான் டா போட்டதில்லை. பயந்து போய்விட்டான்.

நாலாம் நாள் வந்தான். முகம் குழம்பிக் கிடந்தது.

"பாய், அவங்க டேப்பு சரியில்ல. எண்பத்தேழுன்னு காட்டுது. பாஸ் போட்டுட்டாங்க. பின்னாடி தெரிஞ்சா இன்னா ஆவும்? போய் சொல்லிட்டு வரட்டா?"

எனக்கும் குழம்பியது. எதிர் இரும்புக் கடையில் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் வாங்கி வந்து என் டேப்பை அதன் மேல் வைத்தேன். பத்து வருசம் இழுத்த டேப். நீண்டுபோயிருந்தது. அதில் எண்பத்தைந்து என்று போட்டிருந்த இடம் உண்மையில் எண்பத்தேழு. உடம்பை அளப்பதும் துணியை அளப்பதும் அதே டேப். அதனால் ஒரு சட்டையும் அளவு தவறவில்லை. அளவு தவறியது இவனுக்கு மட்டும்தான்.

"அப்போ போன ரெண்டு தடவையும்..." என்றான். முடிக்கவில்லை. நான் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டான். "அப்போ அவங்க டேப்பு சரிதான? போய்ச் சொல்ல வாணாம்ல?"

"வாணாம்."

"அப்பாடா" என்றான்.

வேலை கிடைத்தது. காக்கித் துணியோடு வந்தான். முதல் தடவையாகத் துணியோடு வந்தான். புது டேப்பை எடுத்தேன்.

"பழசுலயே எடுங்க பாய்."

எடுத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான். சட்டைக்கு அப்படி நிற்க வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை. எண்பத்தைந்து.

பயிற்சிக்கு வெளியூர் போகிறான். அடுத்த வெள்ளிக்கிழமை படியில் ஆள் இருக்காது.

'விடு' என்று சொல்ல அன்று எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.